ஏற்காட்டில் சமையலறையோடு வீடு: எந்தப் பக்கம் எடுக்கலாம்?

வணக்கம். வர்ற மாதம் ஐந்து நாள் ஏற்காட்டில் தங்கி, காலையும் மாலையும் நடக்கிற திட்டம். நான், மனைவி, எழுபது வயது அம்மா. அம்மாவுக்குக் காலை ஏழுக்குள் கஞ்சி, அப்புறம் மாத்திரை. அதனால் ஓட்டல் சரிப்படாது.

போன தடவை ‘கிச்சன் உண்டு’ என்று நம்பிப் போனோம். இருந்தது ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பும் பிடி ஆடும் ஒரு வாணலியும்தான். இந்த முறை கேஸ் அடுப்பு, குக்கர் இரண்டையும் கேட்டுத்தான் முன்பணம்.

குழப்பம் இடத்தில்தான். ஏரிப் பக்கம் என்றால் காய்கறி, பால், மருந்துக்கடை எல்லாம் கைக்கெட்டும். கிளியூர் அருவிக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். ஆனால் சனி, ஞாயிறு ஹாரன் சத்தம் தாங்காது. நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்து நடுவே அமைதி. உப்பு தீர்ந்தால்தான் தெரியும் கஷ்டம். காட்டெருமை நடமாட்டமும் உண்டு, விடியற்காலை நடை அங்கே சரிவருமா?

சேர்வராயன் கோயிலுக்கு ஒருநாள் நடந்தே போக ஆசை. எந்தப் பக்கம் தங்கினால் தோது? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி அம்மாவுக்குத் தலை சுற்றும், குப்பனூர் வழி தேவலையா? அங்கே தங்கிச் சமைத்தவர்கள் சொல்லுங்கள்.