கோழி அடைப்புக்கு மேல் கூரை போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயிலம் பக்கம்:
2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி. எங்கள் பக்கம் 50 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். வலை அடைப்பு 12-க்கு 10 அடி. மேலே கனத்த தார்ப்பாய், நாலு பக்கமும் தறி அடித்து இழுத்துக் கட்டியது, நடுவில் ஒரு சவுக்குக் கம்பு முட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் பாய் இரண்டு பக்கமும் தொப்பை போட்டுத் தொங்குகிறது. உள்ளே குனிந்து போய்க் கழியால் ஒரு பக்கத்தை மேலே தள்ளினேன். அந்தத் தண்ணீர் அப்படியே மறுபக்கம் ஓடியது. கயிறு அறவில்லை, தறி பிடுங்கவில்லை, நடுக்கம்பு வழுக்கிச் சாய்ந்தது. மொத்தத் தண்ணீரும் எங்கள் தலையில்.

மற்றதெல்லாம் கத்திக்கொண்டு மூலைக்கு ஓடிவிட்டன. அடைக்கோழி மட்டும் எழவில்லை. கூடையில் முட்டை மிதக்கிறது, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு என் கையைக் கொத்துகிறது. தூக்கி வெளியே விட்டேன், திரும்ப வந்து அதே தண்ணீரில் உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டு அக்கா பாயே கட்டவில்லை. கீற்று போட்டு மேலே இரண்டு பழைய டயர், அவ்வளவுதான். அங்கே ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எப்படி என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேதாரண்யத்துக்காரன்:
"தகரம் போட்டிருக்கலாமே" என்று யாராவது வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தகரம்தான். ஜிஐ பைப் கால், பைப் சட்டம், சட்டத்துக்குச் சட்டம் ஜே போல்ட், ரப்பர் வாஷர். 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். சத்தம் அடங்கி வெளியே வந்தால் கூரையைக் காணோம். ஷீட் மட்டும் பறந்திருந்தால் சரி, ஊர் முழுக்க அதுதானே. இது முழுசாகப் போய் அடுத்த கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது, நாலு காலும் வானத்தைப் பார்த்து. காலடியில் மண் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் தளரவில்லை.

பாதிக் கோழி வலைக்குள்ளேயே நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கிறது.

காற்று மேலேயிருந்து அமுக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் கட்டுகிறோம். வலை அடைப்பு நாலு பக்கமும் திறப்பு. காற்று உள்ளே புகுந்து கீழேயிருந்து தூக்கும், மேலே ஓடுகிற காற்று உறிஞ்சும். ஷீட்டைச் சட்டத்தோடு எவ்வளவு இறுக்கினாலும், சட்டத்தை மண்ணோடு இறுக்கவில்லை என்றால் மொத்தமாகக் கிளம்பிவிடும். மயிலம் அண்ணா, உங்கள் பாய் போனது காற்றால் இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பரமத்தி வெயில்:
புயல், புயல் என்று எல்லோரும் கடற்கரையிலேயே நிற்கிறீர்கள். கரூர் பக்கம் வந்து பாருங்கள். எங்களுக்கு மழை வந்தால் விருந்தாளி.

நானும் தகரம்தான் போட்டேன், நீல நிறம், பார்க்க நன்றாக இருக்கும். அக்கினி நட்சத்திரம், மத்தியானம் மூன்று மணி. கோழிகள் கூரைக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. வலையை ஒட்டி வெளியே ஒரு கரண்ட் கம்பம் இருக்கிறது. அதன் நிழல் அடைப்புக்குள் ஒரு கோடாக விழுகிறது. அந்தக் கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன, வாயைப் பிளந்துகொண்டு. நிழல் நகர நகர வரிசையும் நகர்கிறது. காசு போட்டுக் கட்டிய கூரை காலியாகக் கிடக்கிறது. பின்னால் நின்ற பெருவிடைப் பெட்டை, நல்ல எடை, சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். கனத்த கோழிதான் முதலில் போகும்.

வேதாரண்யத்துக்காரர் சொல்வது அவருக்குச் சரி. ஆனால் புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டு "கான்கிரீட் போட்டுத் தகரம் அடித்தால் போதும்" என்று கிளம்பிவிடுவார்கள். வெறும் தகரம் கூரை இல்லை, தோசைக்கல். இப்போது தகரத்தின் மேல் கீற்று வேய்ந்திருக்கிறேன். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் குறையும், மழைக்கு அப்புறம் திரும்ப அடிக்க வேண்டும்.

வேதாரண்யத்துக்காரன்:
தகரத்துக்கு மேல் கீற்று போட்டால் காற்றுக்குப் பிடிமானம் கூடும். எங்கள் ஊரில் அதைச் செய்ய முடியாது. தகரம் போடச் சொல்லியும் நான் எழுதவில்லை.

பரமத்தி வெயில்:
நீங்கள் சொன்னதாக நானும் எழுதவில்லை, தம்பி. திரும்பப் படியுங்கள். "புதிதாக வருகிறவர்கள்".

விளவங்கோடு:
எங்களுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை, நல்ல ஓடு. பிரச்சினை ஓட்டிலிருந்து இறங்கிய தண்ணீர். இறவாரத்துத் தண்ணீர் வலையின் அடியை ஒட்டியே விழுந்து விழுந்து, வரிசையாக மண்ணைப் பறித்துவிட்டது. வலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே ஒழிய தரையைப் பார்க்கவில்லை.

காலையில் போனால் கீரி அந்தச் சந்து வழியாக வெளியே வருகிறது. என்னைப் பார்த்து நின்றது. ஓடவில்லை. வாயில் குஞ்சு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதன் பாட்டுக்கு ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து போனது. அந்த நடையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பி கட்டுபவர்:
தோட்டத்து வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டில் புதுத் தகரக் கூரை. முதல் மழைச் சத்தத்துக்குக் கோழியெல்லாம் மிரண்டு வலையில் போய் முட்டி, ஒன்று கழுத்து மாட்டிக்கொண்டது. அறுத்து எடுத்தேன், பிழைத்துக்கொண்டது.

இப்போது எல்லோருக்கும் சில விஷயங்கள். மயிலம் தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 12-க்கு 10 அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 10 சென்டிமீட்டர் மழை ஓடாமல் நின்றாலே 1,100 லிட்டர், ஒரு டன்னுக்கு மேல். சவுக்குக் கம்பு என்ன செய்யும்? அந்த அக்கா கீற்றில் தண்ணீர் தேங்க இடமில்லை, இறங்கிப் போய்க்கொண்டே இருந்திருக்கும். வாட்டம், அதாவது சரிவுதான் முக்கியம். பத்தடிக்கு ஒன்றரை அடியாவது வேண்டும். பாய்தான் கட்டுவோம் என்றால் நடுவில் ஒற்றைக் கம்பு கூடாது, முகட்டுக்கு நீளமாக ஒரு மூங்கில் போட்டு இரண்டு பக்கமும் சரிவாக இறக்குங்கள், குறுக்கே கம்பி ஓட்டுங்கள்.

தாழ்ந்த பக்கம் வாடைக்காற்று வரும் திசையில் இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும், உயர்ந்த பக்கத்தை அங்கே திருப்பினால் கூரை போட்டும் போடாததுதான். இறவாரம் மூன்றடி நீளட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் பக்கவாட்டு வெயில் உள்ளே இறங்காது, இது பரமத்திக்கு. வளைவு ஷீட்டில் துளையை மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் வாஷர் காய்ந்ததும் அங்கேதான் ஒழுகும். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவந்து அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விளவங்கோடு, இறவாரம் சொட்டும் இடத்தில் ஜல்லி கொட்டி ஓடை எடுங்கள், வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள். உள்ளே உமியோ நார்க்கழிவோ ஈரமானால் அன்றே அள்ளிவிட வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ரத்தக்கழிச்சல் வரும், குஞ்சுகள்தான் முதலில் போகும். கோழி உயரத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள், கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். பக்கங்களைப் பாயால் அடைக்கிறவர்கள் மேலே ஓரடி திறந்து விட வேண்டும்.

மயிலம் பக்கம்:
ஐயா, எல்லாம் சரி. எப்படிக் கட்டுவது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த 1,100 லிட்டர் கணக்கு நல்ல கணக்கு. அக்காவிடம் சொன்னேன், "அதுக்குத்தான் கீத்துன்னு பேரு" என்று போய்விட்டார்.

திண்டிவனம் டவுன்:
என் கதை வேறு. தேர்தல் முடிந்ததும் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கிடைத்தது, அடைப்பு முழுக்க மூடும். மேலே விரித்துக் கட்டினேன், தண்ணீர் சுத்தமாக இறங்கியது. இரண்டாம் நாள் தெருவில் இரண்டு பைக் வந்து நின்றது. "தலைவர் படத்தைக் கோழிக்கூண்டு மேல போட்டிருக்கீங்களே, என்ன நினைச்சிட்டிருக்கீங்க?" நான் கையில் தவிட்டுக் கிண்ணத்தோடு நிற்கிறேன். சேவல் அந்த நேரம் பார்த்து மேலே ஏறித் தலைவர் நெற்றியில் நின்று கூவுகிறது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பையன்களில் ஒருவனும் கடித்துக்கொண்டிருந்தான், அது தெரிந்தது.

கடைசியில் படம் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுவதாகப் பேச்சு. அவர்களே ஏறிக் கட்டிக் கொடுத்தார்கள், முடிச்சு நல்ல முடிச்சு. இப்போது தலைவர் நாளெல்லாம் கோழிகளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மயிலம் பக்கம்:
எத்தனை மழை தாங்கியது?

திண்டிவனம் டவுன்:
ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை. சித்திரை வெயிலில் மடிப்பெல்லாம் மொறமொறவென்று உடைகிறது.

கம்பி கட்டுபவர்:
உடைந்த துண்டைக் கோழி கொத்தி விழுங்கும், இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். உடனே கழற்றுங்கள். இதைப் பற்றித் தனியாக விரிவாக எழுதுகிறேன்.

மயிலம் பக்கம்:
எழுதுவீர்கள், தெரியும்.