வெள்ளம் வடிந்த பிறகு அள்ளும் சேறு, இடிபாடுகளை எங்கே கொட்டுவது? கிராம சபைத் தீர்மானத்துக்கு யோசனை வேண்டும்

பெண்ணைக்கரை மகளிர் குழு:

வணக்கம். கடலூர் பக்கம் தென்பெண்ணை ஓரத்தில் எங்கள் ஊர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதுகூடச் சமாளித்துவிட்டோம். டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்துதான் வீட்டுக்குள் ஏறியது. வடிந்ததும் தெருவெல்லாம் ஊறிப்போன மெத்தை, ரேஷன் அரிசி மூட்டை, இடிந்த சுவர், செத்த ஆடு, எல்லாவற்றின் மேலும் சேறு. ஜேசிபி வந்து அள்ளியது. அள்ளியதை எங்கே கொட்டுவது என்று யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் வடிகால் வாய்க்கால் ஓரத்தில் குவித்துவிட்டார்கள். அடுத்த மழைக்கே பாதி உள்ளே சரிந்துவிட்டது. கீழத்தெருத் தண்ணீர் வெளியேற அந்த ஒரு வாய்க்கால்தான் உண்டு.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கப் போகிறோம். "உடனே அகற்ற வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பழைய கதைதான் நடக்கும். வேறு என்ன எழுத வேண்டும்? இந்த வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

தங்கச்சி, பேரூராட்சியில் பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தானே புயல், 2015 வெள்ளம் இரண்டிலும் தெருவில் நின்று வேலை வாங்கியிருக்கிறேன். புயலுக்கு மறுநாள் இடம் தேடினால் ஏரிக்கரையும் வாய்க்கால் ஓரமும்தான் கிடைக்கும், அங்கேதான் தடுத்துக் கேட்க ஆள் இருக்காது. அதனால் தீர்மானத்தின் முதல் வரியிலேயே சர்வே எண் இருக்கட்டும். விஏஓவை அழைத்துக்கொண்டு போய் மேடான புறம்போக்கு ஒன்றைப் பாருங்கள். 2024-ல் தண்ணீர் ஏறாத இடமாக, டிப்பர் போய்த் திரும்ப வழி உள்ளதாக, குடிநீர்க் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி இருக்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், யார் சொன்னாலும் சரி. நிரந்தரக் குப்பைமேடாகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயப்படுவார்கள், அது நியாயமான பயம். தற்காலிக இடம், இன்ன மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று கெடுவும் போட்டு எழுதுங்கள்.

அப்புறம், தெருவிலேயே பிரித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிவிட்டால் எதுவும் எதற்கும் உதவாது. செங்கல், கான்கிரீட் தனியாக இருந்தால் பள்ளம் நிரப்பலாம், மரம் விறகுக்குப் போகும். தெருச் சேற்றை வயலுக்கு அடிக்க வேண்டாம், கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது அதில் கலந்திருக்கும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்து, மேலும் நொறுக்காமல் தனியே அடுக்குங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பூச்சிமருந்து டப்பாவும் தனிதான். செத்த ஆடு மாட்டை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

இதை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள்: தூய்மைக் காவலர்களுக்கு பூட்ஸ், கையுறை மழைக்கு முன்பே ஊராட்சியில் வாங்கி இருப்பில் வைக்க வேண்டும். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்குகிறார்கள். எலிக்காய்ச்சல் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

லோடு கணக்கு இன்னொன்று. அமெரிக்காவில் புயல் வரும் மாநிலங்களில் இடிபாடு அள்ளும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே போட்டு வைக்கிறார்கள். ஃபெமா என்கிற அவர்களுடைய பேரிடர் அமைப்பிடம் செலவைத் திரும்பப் பெற, எந்த லாரி, எங்கே ஏற்றியது, எவ்வளவு, எங்கே இறக்கியது என்று லோடுக்கு ஒரு சீட்டு காட்ட வேண்டும். நமக்கு ஒரு நோட்டும் இரண்டு ஆளும் போதும், ஏற்றும் இடத்தில் ஒருவர், இறக்கும் இடத்தில் ஒருவர். உங்கள் குழுவே இதைச் செய்யலாம். வண்டி வாய்க்கால் பக்கம் திரும்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பலாத்தோப்பு, பண்ருட்டி:

அக்கா, அள்ளுவதற்கு முன்னால் படம் எடுக்கச் சொல்லுங்கள். வயலில் மணலோ வண்டலோ 3 அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால்தான் அதை அகற்றப் பேரிடர் நிதி விதிகளில் உதவி உண்டு. அதற்கும் அதிகாரி சான்று தர வேண்டும். ஸ்கேலை நட்டு, சர்வே எண்ணோடு படம் இருந்தால் பேசலாம். வாரிக் கொட்டிய பிறகு எதைக் காட்டுவது? கடலோரத்து ஊர்களில் உடைந்த படகுக்கும் இதேதான், பதிவு எண் தெரியப் படம் எடுக்காமல் நகர்த்தக் கூடாது.

மரத்தை மறந்துவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து எங்கள் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ரோட்டில் கிடந்தது சீக்கிரம் போய்விட்டது, தோப்புக்குள் கிடந்ததை யாரும் கேட்கவில்லை. விழுந்த தென்னையை அப்படியே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். தோப்பு மரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கன்று நட்டுப் பலா காய்க்கிறவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, நிவாரணத் தொகை அதுவரை எப்படித் தாங்கும்?

பாகூர்க்காரன்:

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் கேட்க வேண்டுமென்றால் அதிகாரியிடம் மனுதான் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பெண்ணைக்கரை மகளிர் குழு:

எல்லோருக்கும் நன்றி. சர்வே எண், பிரிப்பது, லோடு நோட்டு, படம், தோப்பு மரம் எல்லாம் எழுதிக்கொண்டோம். ஐயா, "பணம் எங்கே இருக்கிறது" என்று கேட்டால் என்ன சொல்வது?

கெடிலக்கரை:

கேட்பார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 41-வது பிரிவைச் சொல்லுங்கள். பாதித்த இடத்தில் நிவாரணம் மட்டுமல்ல, மறுவாழ்வு, மறுகட்டமைப்பு வேலைகளும் மாநில, மாவட்டத் திட்டங்களின்படி உள்ளாட்சியின் கடமை என்று அதில் இருக்கிறது. 15-வது நிதி ஆணையமும் 2021-26-க்கு மாநிலப் பேரிடர் நிதியைப் பிரித்தபோது உடனடி நிவாரணத்துக்கு 40 விழுக்காடு, மீட்டெடுப்புக்கும் மறுகட்டமைப்புக்கும் 30, ஆயத்தப் பணிக்கு 10, பாதிப்பைக் குறைக்க 20 என்று வைத்தது. ஆகவே தீர்மானத்தை இரண்டாக எழுதுங்கள். முதல் மாதத்தில் அள்ளுவது ஒன்று. வாய்க்காலைத் தூர் வாரி கரை கட்டுவது, தோப்பு, வீடு இவையெல்லாம் இன்னொன்று. சேர்த்து எழுதினால் முதல் வேலை முடிந்ததும் மொத்தமும் முடிந்ததாகக் கோப்பை மூடிவிடுவார்கள்.

நகல் ஒன்றை பிடிஓ அலுவலகத்திலும் இன்னொன்றை ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் அந்த இடத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் வராதீர்கள்.