ரிமோட்டும் ஆர்டுயினோவும்: உங்க வீட்டில் நடந்த கூத்து என்ன?

சாலிடர்புகை:

அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். ராத்திரி எழுந்து போய் சுவிட்ச் போட முடியாது. வீட்டில் ஒரு டிவிடி பிளேயர் எப்பவோ செத்துப்போச்சு, அதன் ரிமோட் மட்டும் உயிரோடு கிடந்தது. அதோடு ஒரு யூனோ போர்டு (ஆர்டுயினோ வகைக் குட்டிக் கம்ப்யூட்டர்), ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கிற மூணு கால் ஐஆர் ரிசீவர், விளக்கைப் போட்டு அணைக்க ஒரு ரிலே. சாயங்காலம் உட்கார்ந்தேன், சாப்பாட்டுக்கு முன்னாடி விளக்கு எரிஞ்சுது. ஒரு பட்டன், அமுக்கினா எரியும், மறுபடி அமுக்கினா அணையும். இவ்வளவுதானான்னு எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள் அப்பா கையில் கொடுத்தேன். நான் பட்டனைத் தட்டி எடுக்கிற ஆள். அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தி, ஒரு மூச்சு பிடிச்சு, அப்புறம்தான் விடுவார். ரிலே பல்லி மாதிரி டிக் டிக் டிக் டிக்னு கத்துது. விளக்கு எரியுது, அணையுது, எரியுது. கடைசியில் எதில் நிற்கும் என்பது அவர் விரல் எப்போ எழுந்தது என்பதைப் பொறுத்தது. விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல.

என் ரிமோட் என்இசி வகை, அதாவது ரிமோட் சைகை அனுப்புற முறைகளில் ஒண்ணு. அமுக்கினதும் 9 மில்லி விநாடிக்கு ஒரு நீளத் துடிப்பு, 4.5 மில்லி விநாடி மௌனம், அப்புறம் 32 பிட் (ஒவ்வொண்ணும் 0 அல்லது 1). இது ஒரே ஒரு தடவைதான் வரும். விரலை எடுக்கலன்னா அதுக்கப்புறம் சுமார் 110 மில்லி விநாடிக்கு ஒரு தடவை "இன்னும் அமுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிற குட்டிச் சைகை மட்டும். 9 மில்லி விநாடித் துடிப்பு, பாதி மௌனம், முடிஞ்சது. உள்ளே எண் எதுவும் கிடையாது. சைகையைப் படிக்கிற ஐஆர் லைப்ரரி (ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு) அதைப் பார்த்துட்டு பழைய கட்டளையையே திரும்பக் கொடுத்து, பக்கத்தில் "இது ரிப்பீட்" என்று ஒரு கொடியும் தூக்கிக் காட்டுது. நான் அந்தக் கொடி பக்கமே திரும்பல. அப்பா முக்கால் விநாடி பிடிச்சார்னா ஏழு தடவை மாறும்.

உங்களுக்கு எது காலை வாரிச்சு?


பழையபாடம்:

உங்களுக்காவது ஒரே நாளில் காரணம் கிடைச்சுது. நான் ரிமோட் மேலேயே பழி போட்டு ரெண்டு வாரம் ஓட்டினேன்.

நாலு வருஷமா ஓடிக்கிட்டிருந்த புரோகிராம். புது லேப்டாப்பில் ஐஆர் லைப்ரரியைப் புதுசாப் போட்டேன், கம்பைல் ஆகல (போர்டுக்குப் புரியுற வடிவத்துக்கு மாறல). மூணாம் பதிப்பிலிருந்து எழுதுற முறையே மாறிடுச்சுன்னு புரிஞ்சு, வரிகளைத் திருத்தி ஏத்தினேன். கம்பைல் ஆச்சு. ஆனா ஒரு பட்டனும் வேலை செய்யல. சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்புறதைக் காட்டுற ஜன்னல்) திறந்தா, என் நோட்டில் எஃப்எஃப் ஏ2 5டி (பதினாறடிமான எண்) என்று குறிச்சு வெச்சிருந்த பட்டன் இப்போ பிஏ 45 எஃப்எஃப் 00 என்று வருது. ஒரே ரிமோட், ஒரே பட்டன், ஒட்டே இல்லாத ரெண்டு எண்.

கடைசியில் காகிதத்தில் பிட் பிட்டா எழுதினேன். ஏ2 என்றால் 10100010. அதைக் கண்ணாடியில் காட்டின மாதிரி திருப்பினா 01000101, அதாவது 45. அப்போதான் தலையில் அடிச்சுக்கிட்டேன். என்இசி ரிமோட் கடைசி பிட்டை முதலில் அனுப்பும். 2009-இல் கென் ஷிரிஃப் எழுதின அந்தப் பழைய லைப்ரரி, வந்த வரிசையிலேயே பிட்டுகளை இடமிருந்து வலமா அடுக்கும். புதுசு முறைப்படி வலமிருந்து அடுக்குது. எண் மாறல, படிக்கிற திசைதான் மாறிச்சு.

இப்போ நான் முழு எண்ணைத் தொடுறதே இல்லை. முகவரி 00, கட்டளை 45, இந்த ரெண்டைத்தான் பார்ப்பேன். மிச்ச ரெண்டு பைட்டும் இதுங்களில் 0-க்கு 1, 1-க்கு 0 போட்ட நகல், சரிபார்க்க மட்டும். 45-ஐயும் பிஏ-வையும் கூட்டிப் பாருங்க, எஃப்எஃப் வரும்.

(சாலிடர்புகை, உங்க பல்லி பழைய பதிப்பில் கத்தியிருக்காது. அதில் ரிப்பீட்டுக்கு எட்டு எஃப் வரும். யாரும் அதை ஒப்பிட மாட்டாங்க, தானா ஒழிஞ்சுடும்.)


எட்டுபிட்காரன்:

அதே பட்டன், அதே பழைய எண், வேற அவமானம். மானிட்டரில் 16753245 (எஃப்எஃப் ஏ2 5டி-யின் தசம வடிவம்) தெளிவா வருது. அதை ஒரு இன்ட் (முழு எண்) மாறியில் போட்டு ஒப்பிட்டேன், பொருந்தவே இல்லை. மாறியை அச்சடிச்சா -23971. யூனோவில் இன்ட் வெறும் 16 பிட். மேலே இருந்த எஃப்எஃப் கீழே விழுந்துடுச்சு. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பழகினவனுக்கு இது கண்ணில் படவே படாது.


கருகினவிரல்:

நீங்க எல்லாம் புரோகிராமில் சிக்கினவங்க. நான் அதுவரைக்கும் போகவே இல்லை.

முதல் ரிசீவர் கால் உடைஞ்சுபோச்சு. டப்பாவில் தேடினா அச்சு அசலா இன்னொண்ணு, அதே கறுப்பு உடம்பு, அதே புடைப்பு, அதே மூணு கால். பிரெட்போர்டில் அதே இடத்தில் சொருகினேன். மானிட்டரில் ஒண்ணும் வரல. ரிமோட் பேட்டரி மாத்தினேன். மொபைல் கேமராவில் ரிமோட் முனையைப் பார்த்தேன், ஊதா நிறத்தில் மினுக்கு மினுக்குன்னு எரியுது, ஆக ரிமோட் நல்லாத்தான் இருக்கு. (பின்பக்கக் கேமராவில் தெரியலன்னா முன்பக்கக் கேமராவில் பாருங்க. சில போன்களில் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிடும்.) அப்புறம் ரிசீவரை நேராக்கலாம்னு தொட்டேன். விரல் நுனியில் இன்னும் அந்த வட்டம் இருக்கு.

பழையது டிஎஸ்ஓபி 38238. புடைப்பு உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிச்சா இடமிருந்து அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. புதுசு டிஎஸ்ஓபி 1738. அதில் கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். நான் 5 வோல்ட்டைத் தலைகீழா ஊட்டியிருக்கேன். ரெண்டுமே 38 கிலோஹெர்ட்ஸ், ரெண்டுமே பேரில் 38, கால் வரிசை மட்டும் வேற. டேட்டா ஷீட்டைப் பார்க்காம சொருகாதேன்னு யாருக்கும் இப்போ நான் சொல்றதில்லை, விரலைக் காட்டிடுவேன்.


பட்டைவிளக்கு:

144 எல்இடி கொண்ட நிறம் மாறும் பட்டை, ரிமோட்டில் நிறம் மாத்தணும். பட்டை அணைஞ்சிருந்தா ரிமோட் நூத்துக்கு நூறு. வானவில் ஓட ஆரம்பிச்சா பத்து அமுக்கலுக்கு ஒண்ணு கேட்டா அதிகம்.

வெளிச்சம்தான் ரிசீவர் கண்ணைக் கூசுதுன்னு முடிவு கட்டினேன். கறுப்பு டேப் சுத்தினேன், தெர்மோகோலில் குகை மாதிரி செஞ்சு உள்ளே உட்கார வெச்சேன், கடைசியில் பட்டையை அடுத்த ரூமுக்கே இழுத்துட்டுப் போனேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்போதான் சந்தேகம் தட்டிச்சு.

அந்த வகை எல்இடி ஒவ்வொண்ணுக்கும் 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி, ஆக ஒரு எல்இடிக்கு 30. 144-க்கு நாலு மில்லி விநாடிக்கு மேல. தாளம் தப்பக் கூடாதுன்னு அந்த நேரம் முழுக்க பட்டையை ஓட்டுற லைப்ரரி இன்டரப்டை (நடுவில் வேற வேலைக்குக் கூப்பிடுற ஏற்பாடு) மூடிடுது. ஐஆர் லைப்ரரியோ 50 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து அளக்கிற ஆசாமி. ரிமோட்டின் ஒரு துடிப்பே 560 மைக்ரோ விநாடிதான். நடுவில் நாலு மில்லி விநாடி கண்ணை மூடினா ரெண்டு பிட்டாவது போச்சு, மிச்சத்தை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ரிசீவர் பாவம், ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு, கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போ ரிசீவர் சும்மா இருக்கான்னு கேட்டுட்டு, இருந்தா மட்டும் பட்டைக்குப் புதுப் படம் அனுப்புறேன். படத்துக்குப் படம் கொஞ்சம் இடைவெளியும் விட்டிருக்கேன். ரிமோட் பேசும்போது வானவில் ஒரு கணம் நிற்கும். என்னைத் தவிர யாரும் கவனிச்சதில்லை.


எட்டுபிட்காரன்:

யூனோவில் பஸ்ஸர் வெச்சு டோன் கட்டளை போட்டவங்களும் இதே வரிசைதான். அதுக்கும் ஐஆருக்கும் போர்டுக்குள் நேரம் எண்ணுற டைமர் 2 தான் வேணும், கம்பைல் பண்ணும்போதே சண்டை. 3, 11 பின்களில் விளக்கு மங்கலாக்குறதும் அதே டைமர். 5, 6-க்கு மாறிடுங்க.


இரட்டைஎண்:

சாலிடர்புகை, உங்க அப்பாவுக்கு நேர் எதிர் என் கதை. எனக்கு ஒரு தடவை விட்டு ஒரு தடவைதான் வேலை செய்யும். அமுக்கினா வரும், மறுபடி அமுக்கினா வராது, மூணாவதுக்கு வரும். சாலிடர் சரியில்லைன்னு மூணு தடவை சூடு வெச்சேன்.

ரிமோட் ஆர்சி5 வகை, என்இசி மாதிரி இன்னொரு சைகை முறை. அதில் ஒரு பிட், நீங்க பட்டனை விட்டுட்டுத் திரும்ப அமுக்கும்போதெல்லாம் மாறும். அதனால் பவர் பட்டன் ஒருமுறை சி என்று வரும், அடுத்தமுறை 80சி. நான் முதலில் கிடைச்சதை மட்டும் எழுதி வெச்சுட்டேன். விஷயம் தெரிஞ்சதும், என்இசியை விட இந்த ஏற்பாடு எனக்குப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சுக்கிட்டே இருக்காங்களா, விட்டுட்டு அமுக்கினாங்களான்னு அந்த ஒரு பிட் சொல்லிடும்.


சாலிடர்புகை:

கொடியைப் பார்க்கிற ஒரு வரி சேர்த்தேன். ரிப்பீட் வந்தா தொடாதே, அவ்வளவுதான். அப்பா எவ்வளவு நேரம் பிடிச்சாலும் இப்போ ஒரே ஒரு டிக். ரெண்டு நாள் நிம்மதி.

நேத்து கேட்கிறார்: "ராத்திரி இந்த வெளிச்சம் கண்ணைக் குத்துது. டிவி சவுண்டு மாதிரி, அமுக்கிப் பிடிச்சா கொஞ்சம் கொஞ்சமா குறையாதா?"

ரிலேவைக் கழட்டிட்டேன். ஒரு 12 வோல்ட் எல்இடி துண்டு, ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), 5-ஆம் பின். தூக்கிப் போட்ட ரிப்பீட்டை எல்லாம் இப்போ எண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன், ஒண்ணுக்கு எவ்வளவு குறைக்கலாம்னு.