சோனிக்ஸின் கடைசி சீசன் 2007-08: வேணும்னே சரிச்சாங்களா, அணியைப் புதுசா கட்டினாங்களா?

பச்சைமஞ்சள்:
அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீகில் ஆடிய சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் (சோனிக்ஸ்) தன் 41வது சீசனில், ஓக்லஹோமா சிட்டிக்குப் போகும் முன் எடுத்தது 20 வெற்றி, 62 தோல்வி. அணியின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு. ஆட்டத்துக்கு 48 புள்ளிக்கு மேல் சேர்த்துக் கொடுத்த ரே ஆலன், ரஷார்ட் லூயிஸ் இருவரையும் ஒரே கோடையில் அனுப்பினால் வேறென்ன நடக்கும்? ஊரே மைதானத்தை விட்டு விலகட்டும் என்று செய்த வேலை இது.

ரீபவுண்ட்:
அந்த இருவரும் இருந்த முந்தைய சீசனே 31-51 தானே. ஆலனுக்கு 31 வயது, இரண்டு கணுக்காலிலும் அப்போதுதான் அறுவை சிகிச்சை. லூயிஸ் கேட்டது 6 வருஷம், 11 கோடி டாலருக்கும் மேல். அணியின் பொது மேலாளர் பிரெஸ்டி அவரைச் சும்மா விடவில்லை. ஒப்பந்தம் போட்டு ஆர்லாண்டோவுக்கு மாற்றி, ட்ரேடு எக்செப்ஷன் வாங்கினார். அதாவது, பதிலுக்குச் சம்பளம் அனுப்பாமலே வேறொரு வீரரை எடுக்கும் உரிமை. அதை வைத்து ஃபீனிக்ஸிடமிருந்து கர்ட் தாமஸ். சம்பளச் சுமை குறைந்தால் போதுமென்று ஃபீனிக்ஸ்காரர்கள் கூடவே இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் (புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஒரு முறை தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்தார்கள். பிப்ரவரியில் அதே தாமஸ் சான் அன்டோனியோவுக்கு, இன்னொரு முதல் சுற்றுத் தேர்வுக்கு. சரிக்க நினைப்பவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

பச்சைமஞ்சள்:
களத்தைப் பாருங்க. ஒல்லியான, 6 அடி 9 அங்குல ரூக்கி (முதல் சீசன் வீரர்) கெவின் டுரான்டை பயிற்சியாளர் கார்லெசிமோ ஷூட்டிங் கார்டாக, அதாவது வெளியே நின்று எறியும் இடத்தில், நிறுத்தினார். வளையத்திலிருந்து தள்ளியே பந்து கிடைத்தது, மூன்று புள்ளி எறிதல் 28.8 சதவீதம்தான். அடுத்த சீசனில் புதுப் பயிற்சியாளர் ஸ்காட் புரூக்ஸ் அவரை ஃபார்வர்டுக்கு மாற்ற, 42.2 சதவீதம். டென்வரில் 168-116 என்று தோற்றதை எந்த ‘கட்டுமான’க் கணக்கில் சேர்ப்பீங்க?

ரீபவுண்ட்:
கார்டாக ஆடவிட்டது தப்பு, ஒத்துக்கறேன். அது பயிற்சியாளரின் பிழை, சதி இல்லை. 20.3 சராசரியோடு சிறந்த ரூக்கி விருதும் அவருக்குத்தான்.

லீஸ்2010:
ரெண்டு பேருமே களத்தில் நிற்கறீங்க. முடிச்சு மைதானத்தில் இருக்கு. 1995இல் புதுப்பித்த கீஅரீனாதான் சோனிக்ஸின் மைதானம், அப்போது லீகிலேயே சின்னது. அப்போதைய உரிமையாளர் ஷுல்ட்ஸ் 2006இல் அணியை 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமா சிட்டியின் பென்னட் குழுவிடம் விற்றார். அதே நவம்பரில் சியாட்டில் மக்கள் பெரும்பான்மையாக ‘இனிஷியேட்டிவ் 91’ஐ நிறைவேற்றினார்கள்: நகராட்சி அணிக்குப் பணம் போட்டால், கருவூலப் பத்திர வட்டி அளவாவது திரும்பி வரணும். பக்கத்து ஊரான ரென்டனில் 50 கோடி டாலர் மைதானத் திட்டத்துக்குச் சட்டமன்றமும் கை கொடுக்கவில்லை. ஆனால் உரிமையாளர்களில் ஒருவரான மெக்லெண்டன், சியாட்டிலில் வைத்திருக்க வாங்கவில்லை என்று பத்திரிகையிடம் சொல்லி, லீகிடம் 2,50,000 டாலர் அபராதம் கட்டியது 2007 ஆகஸ்டில். சீசன் தொடங்கவே இல்லை அப்போது.

பச்சைமஞ்சள்:
நான் சொல்வதும் அதைத்தானே!

லீஸ்2010:
பாதிதான். கீஅரீனா குத்தகை (லீஸ்) 2010 வரை. வாடகையைக் கட்டிவிட்டுப் போக முடியாது, கீஅரீனாவிலேயே ஆடணும் என்று நகராட்சி வழக்கு நடத்தியது. தீர்ப்பு வரவேண்டிய 2008 ஜூலை 2 அன்றே 4.5 கோடி டாலருக்கு லீஸை விட்டுக்கொடுத்தது. ஆறு நாள் முன்னாடிதான் டிராஃப்டில் இளம் வீரர் வெஸ்ட்புரூக்கையும், ரீபவுண்ட் சொன்ன அந்த ஃபீனிக்ஸ் தேர்வில் இபாகாவையும் சோனிக்ஸ் பெயரில் எடுத்திருந்தார்கள். கட்டினது உண்மை. சியாட்டிலுக்காகக் கட்டவில்லை.