காபா-பி1 ரிசெப்டர் (காபா என்ற நரம்பு வேதிப்பொருளைப் பிடிக்கும் புரதம்) செல்லுக்குள்ளேயே நிற்கிறது, மேற்பரப்புக்கு வரவில்லை. உதவி!

பைப்பெட் பாண்டி:
எச்ஈகே 293 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்) மனித காபா-பி1 பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) போட்டு 48 மணி நேரம் கழித்துப் பார்த்தேன். வெஸ்டர்ன் ப்ளாட்டில் (புரதம் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பட்டை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ரிசெப்டரைத் தூண்டும் பேக்லோஃபென் மருந்தைக் கொடுத்தால், ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளால் ஏறிய சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் சிக்னல் கடத்தும் மூலக்கூறு) இம்மி கூட இறங்கவில்லை. டோஸை ஏற்றிப் பார்த்தாயிற்று, புது பாட்டிலும் உடைத்தாயிற்று. பக்கத்து மேசை அக்காவின் நியூரான்களில் இதே பாட்டில் நன்றாக வேலை செய்கிறது!

செல்வி:
டேக் (புரதத்தை அடையாளம் காண ஒட்டும் துண்டு) எந்த முனையில்? செல்லைத் துளைக்காமல் ஸ்டெயின் செய்து பார்த்தீர்களா?

பைப்பெட் பாண்டி:
எச்ஏ டேக், என்-முனை (செல்லுக்கு வெளியே நீட்டும் முனை). துளைக்காவிட்டால் ஒரே இருட்டு. செல்லைத் துளைக்கும் டிரைட்டான் போட்டால் உட்கருவைச் சுற்றி வலை மாதிரி ஒளிர்கிறது.

பழைய லேப்காரன்:
அந்த வலைதான் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், செல் புரதம் செய்யும் இடம், தம்பி. பாட்டிலைத் திட்டாதே. பி1 தனியாக வெளியே வராது. அதன் வாலில் ஆர்-எஸ்-ஆர்-ஆர் என்று நான்கு அமினோ அமிலங்கள் உண்டு. அது தெரிகிற வரை செல் அதை உள்ளேயே பிடித்துவைக்கும். அதன் ஜோடிப் புரதமான பி2-இன் வால் வந்து முறுக்கிக்கொண்டு அதை மறைத்தால்தான் விடும். 1997-இல் பி1-ஐ க்ளோன் செய்தவர்களையும் இது குழப்பியது. 1998-இல் பி2 கிடைத்த பிறகுதான் விளங்கியது. நியூரானில் இரண்டும் இருக்கும், அக்காவுக்குக் கவலை இல்லை.

பைப்பெட் பாண்டி:
அப்படியானால் அந்த நான்கை மட்டும் மாற்றி பி1-ஐத் தனியாகவே மேலே கொண்டுவந்துவிடலாமே அண்ணா? பி2 பிளாஸ்மிட் கைவசம் இல்லை.

பழைய லேப்காரன்:
மேலே வரும், சிக்னல் வராது. காபாவையோ பேக்லோஃபெனையோ பிடிப்பது பி1; செல்லுக்குள் சிக்னலைத் தொடங்கும் ஜி புரதத்தைக் கிளப்புவது பி2. பி2-இல் காபா ஒட்டாது, ஆனாலும் அது கூட இருந்தால்தான் பி1-இன் பிடி இறுகும். யாரிடமாவது பி2 கேட்டு வாங்கு.

செல்வி:
வாங்கினால் பி1 மட்டும், பி2 மட்டும், இரண்டும் என்று மூன்று தட்டு வையுங்கள். மொத்த டிஎன்ஏ அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும், குறைவதற்கு வெற்று வெக்டர் (மரபணு செருகாத பிளாஸ்மிட்) போடுங்கள். இதை நான் விட்டுவிட்டு ஒரு மாதம் அழுதிருக்கிறேன்.

பைப்பெட் பாண்டி:
பத்து நாள் கழித்து வருகிறேன். இரண்டும் போட்ட தட்டில் செல் ஓரமெல்லாம் பச்சை வளையம், சைக்ளிக் ஏஎம்பியும் இறங்கியது! பி2 மட்டும் போட்டதில் மேலே வந்திருக்கிறது, பேக்லோஃபெனுக்கு அசையவே இல்லை. அக்காவுக்கு அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.