நாட்டியாஞ்சலி: வியூஸை வைத்து எட்டு மணி மேடையை ஒதுக்கலாமா?

வீரசோழன்கரை:
மயிலாடுதுறைப் பக்கம் ஒரு நாட்டியாஞ்சலி, அதாவது நாட்டிய விழா. லோக்கல் கேபிளில் நேரலை, யூடியூபிலும் அதுவே. பிறகு ஒரு குழுவின் வர்ணத்தை (அபிநயம் நிறைந்த நீண்ட பரதநாட்டிய உருப்படி) முழுசாக 38 நிமிடம் ஏற்றினார்கள். இன்னொரு குழுவின் தில்லானாவில் 45 விநாடியை வெட்டி ஷார்ட்ஸில் போட்டார்கள். வர்ணம் 6,000 வியூஸ், ஷார்ட்ஸ் 80,000. அடுத்த வருஷம் எட்டு மணியைத் தில்லானா குழுவுக்கே கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. இந்தக் கணக்கு சரியா?

தட்டுக்கழி:
ஒன்றைக் கலத்தில் அளந்து இன்னொன்றை மரக்காலில் அளக்கிற வேலை இது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. விரலால் தள்ளிவிட்டுப் போனாலும் சேரும், திரும்ப ஓடினாலும் சேரும். பழைய கணக்கு யூடியூப் ஸ்டூடியோவுக்குள் ‘என்கேஜ்டு வியூஸ்’ என்று தனியாக இருக்கிறது, அதை எடுங்கள்.

அதைவிட வாட்ச் டைம் பாருங்கள். 80,000 வியூவும் தலா 20 விநாடி ஓடின என்றே வைத்தாலும் 444 மணிதான். வர்ணத்தைச் சராசரி 11 நிமிடம் பார்த்திருந்தால் 1,100 மணி. தில்லானா கடைசி உருப்படி, விறுவிறுப்பு, வெட்டினாலும் நிற்கும். வர்ணத்தில் 45 விநாடி வெட்டினால் முகபாவம் தொடங்குமுன் முடிந்துவிடும். வர்ணத்தை வர்ணத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேபிள்காரர்:
ஷார்ட்ஸுக்குப் பணம் கட்டி விளம்பரம் ஓட்டினார்களா என்று முதலில் கேளுங்கள். டிராஃபிக் சோர்ஸில் (வியூ எந்த வழியாக வந்தது என்ற பட்டியல்) ‘யூடியூப் விளம்பரம்’ என்று வருவதைக் கழித்துவிட வேண்டும்.

டிவி பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு, மாதிரிக்குத் தேர்ந்த சில வீடுகளில் மீட்டர் வைத்து, சேனல் ஒலியில் கலந்த, காதுக்குக் கேட்காத அடையாளக் குறியான வாட்டர்மார்க்கைப் பிடித்துத்தான் எண்ணுகிறது. வாட்டர்மார்க் இல்லாத லோக்கல் சேனல் அந்தக் கணக்கிலேயே வராது. எத்தனை பாக்ஸ் ஓடுகிறது என்பது சந்தாக் கணக்கு, பார்த்தவர் கணக்கு அல்ல. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள் வியூஸில் இல்லவே இல்லை. கூடத்தில் ஆறு பேர் டிவியில் யூடியூப் போட்டுப் பார்த்தாலும் ஒரு வியூதான்.

வீரசோழன்கரை:
விளம்பரம் ஓட்டியதாகத்தான் தெரிகிறது அண்ணே, கேட்டுச் சொல்கிறேன். நேரலை 5 மணி நேரம், பத்துக் குழு, ஒரே லிங்க். குழுவாரியாகப் பிரிக்க வழி உண்டா?

மெலட்டூர்ப்பக்கம்:
அரைகுறையாக முடியும். ரிடென்ஷன் வளைவை (வீடியோவின் எந்த இடத்தில் எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோடு) ஏபிஐ வழியாக, அதாவது புரோகிராம் மூலம் எடுத்தால் மொத்த வீடியோவுக்கும் 100 புள்ளிதான். 5 மணிக்கு ஒரு புள்ளி 3 நிமிடம். அலாரிப்பு மாதிரிச் சின்னத் தொடக்க உருப்படிக்கு ஒன்றிரண்டு புள்ளி விழும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தவிர, பின்னால் பார்ப்பவர்கள் பெரும்பாலும் 0:00-இல் தொடங்குவதால் முதல் குழு சும்மாவே உயரத் தெரியும். எங்கள் பாகவத மேளா நாட்டிய நாடகம் மாதிரி ராத்திரி முழுக்க ஓடுகிற பதிவில் சராசரியாகப் பார்த்த சதவீதம் எப்போதும் பாதாளத்தில்தான் இருக்கும். நிமிடத்தை மட்டும் பாருங்கள்.

இப்போதைக்கு டிஸ்கிரிப்ஷனில் நேரக்குறி போடுங்கள். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறி, ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தப்பினாலும் அத்தியாயம் பிரியாது. அடுத்த வருஷம் குழுவுக்கு ஒரு வீடியோவாக ஒரே நாளில் ஏற்றி, முதல் 28 நாளை மட்டும் ஒப்பிடுங்கள். ஜியோகிராஃபியையும் திறந்து பாருங்கள், வெளிநாட்டு வியூஸ் எட்டு மணிக்கு மேடை முன்னால் வந்து உட்காராது.

கேபிள்காரர்:
அதற்கு நாற்காலிதான் அண்ணே. ஒவ்வொரு குழு பாதி ஆடும்போதும் மேடைக்கு எதிர்க் கேமராவில் கூட்டத்தை ஒரு வைட் ஷாட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் எண்ணிக்கொள்ளலாம்.