பக்க எண்ணும் வேண்டும், வேகமும் வேண்டும்: லாராவெல் பட்டியலில் சிக்கல்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் வரத்துப் பட்டியல் காட்டும் வலைச் செயலி எழுதியிருக்கிறேன். செயலிக்கு லாராவெல் 10 (பிஎச்பி கட்டமைப்பு), தரவுத்தளத்துக்கு மைஎஸ்கியூஎல் 8. பல வருடச் சீட்டுகள் சேர்ந்து சுமார் 6 லட்சம் வரிசைகள்; பக்கத்துக்கு 50. முதல் பக்கங்கள் உடனே வருகின்றன. பழைய கார் பருவக் கணக்குக்குப் போனால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பிசான அறுவடை தொடங்கியதும் இன்னொரு தொல்லை. எடைமேடையில் புதுச் சீட்டு பதிவாகும்போது, முதல் பக்கக் கடைசியில் பார்த்த சீட்டு இரண்டாம் பக்கத் தலையில் மறுபடி நிற்கிறது. கணக்கர் அதை இரண்டு லோடாக எழுதிவிடுகிறார்!

தேதி, சீட்டு எண் இரண்டுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற குறிப்பு) போட்டேன், வரிசைப்படுத்தலும் அதன்படியே. வேகம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆஃப்செட், அதாவது தாண்ட வேண்டிய வரிசைகளின் எண்ணிக்கை, பெரிதானால் தரவுத்தளம் முந்தைய வரிசைகளையெல்லாம் படித்துத் தள்ளிவிட்டுத்தானே வர வேண்டும். கடைசியாகக் காட்டிய சீட்டைக் குறித்துவைத்து அதற்கு அடுத்ததிலிருந்து படிக்கும் கர்சர் முறைக்கு மாற்றியதும் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. ஆனால் அதில் ‘முந்தையது’, ‘அடுத்தது’ மட்டுமே உண்டு. முதலாளிக்குப் பக்க எண்ணைத் தட்டினால் அங்கே போக வேண்டும். தேதி வடிகட்டி வைத்துத் தருகிறேன் என்றேன். அண்ணாச்சி அசையவில்லை.

கர்சரின் வேகத்தை இழக்காமல், எண்ணைக் கொடுத்து நேராக ஒரு பக்கத்துக்குத் தாவ வழி உண்டா?